பட்டியலில் விடுபட்ட எண்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் கழகத்தின் உதவியால் படித்தனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கைச் செயலாளர் தம் அறிக்கையில் விளக்கமாகத் தந்துவிட்டார். நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ‘கணிதமும் நம் பிள்ளைகளும்’ என்னும் தலைப்பு. கணிதம் நல்லது, அதைப் படியுங்கள் என்று அரை மணி நேரம் அறிவுரை கூறினால் பிள்ளைகள் உறங்கிவிடுவர். ஆகவே ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் இயல்புகளைச் சிறிது ஆராய்ந்து, அந்த எண் நமக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கரும்பலகையில் எழுதியிருக்கும் எண் இது: 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட முழு எண். கணித மேதை இராமானுஜன் 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையொன்றில் ஓர் அட்டவணை உள்ளது. அவ்வட்டவணையின் கடைசி எண் இதுவே. இராமானுஜன் என்றவுடன் 1729 என்னும் எண்ணைச் சொல்லாத மாணவர் இல்லை. வாடகை வண்டியின் எண்ணாக வந்த அது பெற்ற புகழில் நூற்றில் ஒரு பங்கும் இந்தப் பெரிய எண்ணுக்குக் கிட்டவில்லை. ஆனால் நம்மைப் போன்றோர் முதலில் அறிய வேண்டிய எண் இது என்பது நம் கருத்து.

நம் மலைக்கும் அவர் பெயருக்கும் ஓர் உறவும் உண்டு. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் வானியலாளர் இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் அந்தச் சிறுகோளுக்கு 4130 என்னும் வரிசை எண்ணும் ‘இராமானுஜன்’ என்னும் பெயரும் வழங்கப்பட்டன. நம் பிள்ளைகள் மாடு மேய்க்கும் மலையிலிருந்து பார்த்தே அது உலகின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த 4130க்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

இனி எண்ணின் இயல்பைப் பார்ப்போம். 12 மாம்பழங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வந்தாலும், மூன்று பேர் வந்தாலும், நான்கு பேர் வந்தாலும், ஆறு பேர் வந்தாலும், பன்னிரண்டு பேரே வந்தாலும், பழத்தை வெட்டாமல், மனக்குறை இல்லாமல் சமமாகப் பங்கிடலாம். ஒருவரே வந்தால் அவரே எடுத்துக்கொள்வார். ஆக 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 13 பழங்கள் இருந்தால்? ஒருவர் வர வேண்டும், அல்லது பதின்மூன்று பேர் வர வேண்டும். வேறு எத்தனை பேர் வந்தாலும் சண்டைதான். 13 பகா எண். அதற்கு இரண்டே காரணிகள்.

12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. 6, 8, 10 ஆகியவற்றுக்கு நான்கு நான்கே. இவ்வாறு, தன்னிற் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான காரணிகளை உடைய எண்ணை உயர் பகு எண் என்று கூறலாம். 12க்குப் பின் 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவை தொடர்கின்றன. இவையெல்லாம் நமக்கு அயலாரா? ஒரு கலத்துக்கு 12 மரக்கால். ஒரு நாளுக்கு 24 மணி, பழைய கணக்கில் 60 நாழிகை. வட்டத்துக்கு 360 பாகை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புதிய காசு வரும்வரை ஓர் அணாவுக்கு 12 பை. உலகெங்கும் மக்கள் பங்கிடுவதற்கு ஏற்ற எண்களையே அளவைக்குத் தேர்ந்தனர். 100 பெரிய எண்ணாயிற்றே என்பீர்கள். 100க்குக் காரணிகள் 9. அதனினும் சிறிய 60க்கோ 12.

காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடாமல் எண்ணிவிட ஒரு வழி உண்டு. எட்டாம் வகுப்பு மாணவர் இதைச் செய்யலாம். 60ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2×2×3×5. இதில் இரண்டு 2கள் உள்ளன. காரணி ஒன்றை ஆக்கும்போது அவற்றில் ஒன்றையும் எடுக்காமல் விடலாம், ஒன்றை எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம், ஆக மூன்று வழிகள். 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழிகள். 5க்கும் அவ்வாறே இரண்டு. 3×2×2=12. எத்தனை முறை வந்திருக்கிறதோ அதனுடன் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நம் பெரிய எண்ணைப் பிரிப்போம். அதில் ஆறு 2கள், நான்கு 3கள், இரண்டு 5கள், இரண்டு 7கள், பின்னர் 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை. விதிப்படி ஒன்று கூட்டினால் 7×5×3×3×2×2×2×2×2. பெருக்கினால் 10,080. பதினாயிரத்து எண்பது காரணிகள்! அதாவது இத்தனைப் பொருள்களைப் பதினாயிரத்து எண்பது வகையான கூட்டங்களுக்கு மிச்சமின்றிச் சமமாகப் பங்கிடலாம். இதனிற் சிறிய எந்த முழு எண்ணுக்கும் இந்தப் பெருமை இல்லை.

இவ்வெண்களின் அமைப்பில் இரண்டு ஒழுங்குகளை மாணவர் கவனிக்க வேண்டும். முதலாவது, இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடுவதில்லை. 23 வரை வந்திருக்கிறது என்றால் 2 முதல் 19 வரை எல்லாப் பகா எண்களும் உள்ளே இருக்கின்றன. ஏன்? 19ஐ விட்டுவிட்டு 23ஐ வைத்திருந்தோம் என்று கொள்வோம். 23ஐ எடுத்துவிட்டு அவ்விடத்தில் 19ஐ வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண்ணோ சிறிதாகிவிடும். அப்படியானால் முதலில் இருந்தது உயர் பகு எண் ஆகாது. இரண்டாவது, சிறிய பகா எண் பெரியதை விடக் குறைந்த முறை வருவதில்லை. 2ஐ விட 3 மிகுதியாக வந்திருந்தால், இரண்டின் இடங்களையும் மாற்றிச் சிறிய எண் ஒன்றைப் பெற்றுவிடலாம். கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும், 4, 36 என்னும் இரண்டு எண்களில் மட்டுமே இது பொய்க்கும் என்பதையும் இராமானுஜன் நிறுவினார்.

சற்றுமுன் கூறிய 4130ஐ இங்கே வைத்துப் பாருங்கள். அது 2×5×7×59. மூன்றை விட்டுவிட்டு, ஏழிலிருந்து ஐம்பத்தொன்பதுக்குத் தாவிவிட்டது. ஆகவே அதற்கு 16 காரணிகளே. இராமானுஜன் பெயர் தாங்கிய சிறுகோளின் எண் இராமானுஜனின் பட்டியலில் இடம்பெறாது. உயரமாகத் தாவுவதால் மட்டும் பயன் பெருகுவதில்லை. கீழ்ப்படிகளை விடாமல் ஏறியதே பெருகி நிற்கிறது. கூட்டலும் வாய்ப்பாடும் வராத பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளிவிட்டு, தேர்வுக்கு மூன்று திங்கள் இருக்கும்போது தனிப்பயிற்சி வைக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

இனி அட்டவணைக்கு வருவோம். இராமானுஜன் 102 உயர் பகு எண்களை அதில் வரிசையாகத் தந்திருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலம். மனமும் கையுமே கருவி. ஆனால் பிற்காலத்தார் சரிபார்த்தபோது, வரிசையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருப்பது தெரியவந்தது. 24,094 கோடியே 2 லட்சத்து 99 ஆயிரத்து 600 என்னும் எண்ணுக்கு 4,800 காரணிகள். அதன்பின் அட்டவணை 32,125 கோடியே 37 லட்சத்து 32 ஆயிரத்து 800க்குச் செல்கிறது. அதற்கு 5,376 காரணிகள். இரண்டுக்கும் இடையே 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்னும் எண் நிற்கிறது. அதற்கு 5,040 காரணிகள். தனக்கு முந்திய எல்லாவற்றையும் அது விஞ்சுகிறது. பட்டியலில் இருக்க எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு. ஆனால் பட்டியலில் அது இல்லை.

மேதையின் குறையைக் காட்ட இதைச் சொல்லவில்லை. 103 எண்களில் 102ஐக் கையால் கண்டறிவது மனித ஆற்றலின் உச்சம். நாம் கவனிக்க வேண்டியது அந்த எண்ணை. அட்டவணையில் எழுதப்படாமையால் அதன் காரணிகளில் ஒன்றேனும் குறைந்ததா? இல்லை. எழுதப்படாத அத்தனை ஆண்டுகளும் அதற்கு 5,040 காரணிகள் இருந்துகொண்டேதான் இருந்தன. குறை பட்டியலுடையது, எண்ணுடையது அன்று.

இதை நம் மக்களைப் போல உணரக்கூடியவர் யார்? தலைமுறை தலைமுறையாகப் பட்டியலில் எழுதப்படாதவர்கள் நாம். எண்சுவடி ஓதிய திண்ணைகளில் பெரும்பாலும் நம் பாட்டன்மாருக்கு இடமில்லை. களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். அறுத்துக் கட்டி அடித்துத் தூற்றியவர் அந்த லாபத்தைக் காதால் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி என்னும் பேச்சு அக்காலத்தில் ஊர்தோறும் இருந்தது. வட்டி எவ்வாறு பெருகுகிறது என்று அறியாமல் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர், தாமும் உழைத்து மகனையும் பண்ணையில் விட்டார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. எழுத்து மறுக்கப்பட்டதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். எண்ணும் அதே கையால்தான் மறுக்கப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நிகழ்ந்த ஒன்றை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் காண்கிறோம். கரும்பலகையில் கணக்கொன்றைப் போடும்படி ஆசிரியர் அவரை அழைத்தார். வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகையின் பின்னால் மற்ற மாணவர் தம் உணவுப் பெட்டிகளை வைத்திருந்தனர். அவர் நெருங்கினால் உணவு தீட்டாகிவிடும் என்று ஓடிச்சென்று அவற்றை அகற்றினர். அதன்பின்பே அவர் பலகையைத் தொட முடிந்தது. அந்த மாணவர் பின்னர் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் பேராய்வு நூல் எழுதி 1923இல் இலண்டனில் வெளியிட்டார் என்பதை இங்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் அறிய வேண்டும். கணக்குப் பலகையை அணுக விடாத நாட்டில் பிறந்தவர், அந்நாட்டின் நாணயக் கணக்கையே ஆராய்ந்தார்.

பங்கிடும் எண்ணைப் பற்றிப் பேசியோர் பழைய கிரேக்க நாட்டிலும் உண்டு. பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்னும் தம் நூலில், நல்ல நகரத்தில் 5,040 குடும்பங்கள் நிலம் பெற்று வாழ வேண்டும் என்றார். காரணம், 5,040 ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும். அதற்கு 60 காரணிகள். எவ்வகைப் பங்கீட்டுக்கும் ஏற்றது. விடுபட்ட நம் எண்ணின் காரணிகளும் சரியாக 5,040 என்பது வியப்புக்குரிய பொருத்தம். ஆனால் பிளேட்டோவின் அந்த எண்ணிக்கையில் அடிமைகள் சேரவில்லை. பங்கிடுவதற்கு அழகான எண்ணைத் தேர்ந்தெடுத்த அறிஞர், யாரை எண்ணுவது என்னும் இடத்தில் தம் காலத்தைத் தாண்டவில்லை. வகுத்தல் சரியாக இருந்தால் போதாது. வகுக்குமுன் யார் யாரை எண்ணினோம் என்று கேட்க வேண்டும். கணக்குப் படித்த நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி அது. ஊராட்சித் திட்டமாயினும் வரவு செலவுத் திட்டமாயினும், பங்கு எவ்வளவு என்பதற்கு முன் தலைகள் எத்தனை என்று கேட்கப் பழக வேண்டும்.

இராமானுஜன் நமக்கு எவ்வகையில் எடுத்துக்காட்டு என்பதையும் ஒளிவுமறைவின்றிக் கூறுவோம். அவர் வறியவர்; எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானவர். வறுமை அவருக்கும் இருந்தது, கதவடைப்பு இருக்கவில்லை. கும்பகோணத்தில் பள்ளிக்கூட வாயில் திறந்திருந்தது. பதினாறு வயதில் ஒரு கணித நூல் கைக்கு வந்தது. அந்த ஒரு நூலிலிருந்து அவ்வளவும் விளைந்தது. கைக்கு நூல் வராத சேரிகளிலும் மலைக் குடிகளிலும் எத்தனை அறிவு விளையாமலே போயிற்று என்று கணக்கிடும் அட்டவணை எங்கும் இல்லை.

அதை அவரும் ஒருவாறு உணர்ந்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் எழுதிய மறுமொழியில், அத்தொகையில் 50 பவுண்டைத் தம் பெற்றோருக்குக் கொடுக்குமாறும், தம் தேவைக்குப் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளும் ஆதரவற்றோரும் செலுத்தும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறும் கேட்டுக்கொண்டார். பங்கிடத் தக்க எண்களை ஆராய்ந்தவர் தம் ஊதியத்தையும் பங்கிட எண்ணினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், 32 வயதில் அவர் மறைந்தார். கட்டுரையிலும் ஒரு பகுதி, இலண்டன் கழகத்தின் பணமுடையால் அச்சேறாமல் நின்று, 1997இல்தான் வெளிவந்தது. விடுபட்டவை ஒருநாள் சேர்க்கப்படும், தேடுவோர் வேண்டும்.

தேடுவது எப்படி? மீண்டும் கரும்பலகையைப் பாருங்கள். விடுபட்ட எண் எங்கோ தொலைவில் ஒளிந்திருக்கவில்லை. அட்டவணையின் கடைசி எண்ணை, நாம் முதலில் எழுதிய அப்பெரிய எண்ணை, 23ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு சரியாக அந்த விடுபட்ட எண்ணே! மாணவர்கள் வீட்டுக்குச் சென்று வகுத்துச் சரிபார்க்கலாம். பட்டியலின் மணிமுடியாக விளங்கும் எண்ணுக்குள்ளேயே, பட்டியலில் இடம்பெறாத எண் அடங்கியிருக்கிறது.

நம் கழகத்தின் பட்டியலையும் அவ்வாறு வகுத்துப் பார்க்க வேண்டுகிறோம். இன்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திய பட்டதாரிகளின் வீடுகளுக்குச் செல்லுங்கள். தம்பி படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு நின்ற அக்காள் ஒருத்தி பல வீடுகளில் இருப்பாள். அவள் கூலியும் சேர்ந்தே அந்தப் பட்டம் ஆனது. அவள் பெயர் நம் ஆண்டறிக்கையில் இல்லை. பெற்றோர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் போகும்போது உடன்சென்று, ஆறு திங்கள் கழித்துத் திரும்பி, பாடம் புரியாமல் நின்றுவிடும் பிள்ளைகள் உள்ளனர். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பெஞ்சியில் பிள்ளை இருக்காது. கற்றோரை எண்ணுவதில் நாம் 102 வரை வந்திருக்கிறோம். அது பெருமைதான். ஆனால் 4,800க்கும் 5,376க்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பதை மறக்கலாகாது.

ஆகவே கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் மாலைநேரப் படிப்பகத்தில் வருவோர் பதிவேட்டுடன், வராதோர் பதிவேடு ஒன்றும் வைக்கப்பட வேண்டும். ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை வீடுவீடாக எண்ணி, பள்ளியில் இல்லாதவர் பெயரை அதில் எழுத வேண்டும். இரண்டாவது, நின்றுபோன பெண்கள் எவ்வயதினராயினும் தனித் தேர்வராக எழுத விரும்பினால், அவர்களுக்கான தேர்வுக் கட்டணத்தையும் நூல்களையும் வெள்ளிவிழா நிதியிலிருந்து வழங்க வேண்டும். மூன்றாவது, கணிதத்துக்கென்று வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கி, வகுப்பு எதுவாயினும் வாய்ப்பாட்டிலிருந்தே தொடங்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, கரும்பலகையும் சுண்ணக்கட்டியும், முன்னர்ப் படித்துப் பயன்பெற்ற இளைஞர்களின் மனமுமே தேவை.

மாணவச் செல்வங்களே, கணக்கு நம் இனத்துக்கு வராது என்று எவரேனும் கூறினால், எண்ணுக்குச் சாதி கிடையாது என்று மட்டும் சொல்லி நின்றுவிடாதீர்கள். பலகைக்குச் சென்று போட்டுக் காட்டுங்கள். இன்று உங்களைத் தடுக்கப் பலகையின் பின்னால் எவருடைய உணவுப் பெட்டியும் இல்லை. ஒருவேளை இருந்தால், அதை வைத்தவரே எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் கணக்கை முடியுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த ஆண்டறிக்கை படிக்கப்படும் நாளில் செயலாளரிடம் தேறியோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வராதோர் பதிவேட்டில் எத்தனை பெயர்கள் இருந்தன, அவற்றில் எத்தனை பெயர்கள் பள்ளிக்குத் திரும்பின என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் சொல்ல முடிந்தால் நம் கணக்கு நேராயிற்று என்று கொள்வோம்.